அந்த வருஷம் முதல் மெழுகுதிரி ஏத்துனப்போ

ரெண்டு மூணு நாளா மனசுல கிடக்குறத எழுதிடுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நவம்பர் முடியுறதுக்குள்ள தெருவுல ஸ்டார் தொங்கியாச்சு, டிசம்பர் முதல் வாரமே வீடு வீடா பாடிட்டுப் போற கேரல் ரவுண்ட்ஸ், ஆபீஸ்ல கேக் கட்டிங், அன்பியத்துல, அதான் கோயில்ல பக்கத்துப் பக்கத்து வீடுங்க சேர்ந்த சின்னக் குழுவுல, கிறிஸ்மஸ் விழா, இப்படியே ஓடி ஓடி 24ஆம் தேதி ராத்திரி பூசைக்கு வரும்போது பாதிப்பேர் அசந்துபோய் நிக்கிறோம். நடுவுல ஆண்டவர் வருகைக்காகக் காத்திருக்குற திருவருகைக் காலம்னு கிறிஸ்மஸுக்கு முன்னாடி நாலு ஞாயிறு இருந்துச்சே, எங்க பாட்டி ஆகமன காலம்னு சொல்லுவாங்க, அது எங்க போச்சு? பீடத்துல ஊதாத் துணியும் வளையத்துல ஞாயிறுக்கு ஒண்ணா ஏத்துற நாலு மெழுகுதிரியும்தான் மிச்சம்.

திருச்சபைக்கு புது வருஷமே இந்த முதல் ஞாயிறுலதான் தொடங்குது. நாலு ஞாயிறும் பூசையில 'உன்னதங்களிலே' கிடையாது, பெத்லகேம்ல வானதூதர்கள் பாடுன பாட்டு அது, கிறிஸ்மஸ் ராத்திரி மணி அடிச்சுப் பாடணும்னு அதுவரைக்கும் அடக்கி வைக்கிறோம். டிசம்பர் 16 வரைக்கும் வாசகங்களும் பெரும்பாலும் ஆண்டவர் திரும்ப வர்றதப் பத்தித்தான் பேசும், 17ல இருந்துதான் தொழுவம் பக்கம் திரும்பும். அதாவது எப்பவோ பொறந்துட்ட குழந்தை இனிமேதான் பொறக்கப்போற மாதிரி நாம பாவனை பண்ணல, இன்னும் வராத ஒருத்தருக்காக நெஜமாவே காத்திருக்கோம். இது எனக்கு மண்டைல ஏறுனது 2017லதான்.

அந்த வருஷம் நவம்பர் 30 கன்னியாகுமரி கடல்ல ஒக்கி புயல். டிசம்பர் 3 முதல் ஞாயிறு. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி ஆளுங்க ஆழ்கடல் தொழிலுக்குப் போனா கரை திரும்ப வாரக்கணக்குல ஆகும், புயல் எச்சரிக்கை வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாங்க, தூரத்துல கிடக்குற போட்டுக்குத் தகவல் சொல்ல வழியே இல்ல. நான் அப்போ அந்தப் பக்கம் கடற்கரை ஊர்ல சித்தி வீட்டுல இருந்தேன். கரண்ட் இல்ல. பக்கத்து வீட்டு அக்கா கோயில் ஜெனரேட்டர்ல ஃபோன சார்ஜ் போட்டுப் போட்டு ஒரே நம்பருக்கு அடிச்சிட்டே இருந்தாங்க. ராத்திரி சோத்துல ஒரு பங்கு எடுத்து தட்டு போட்டு மூடி வச்சாங்க, வாசல்ல வச்ச விளக்க யாரையும் அணைக்க விடல.

அந்த ஞாயிறு நற்செய்தி மாற்கு 13. வீட்டுத் தலைவர் எப்போ வருவார்னு உங்களுக்குத் தெரியாது, சாயங்காலமா நடுராத்திரியா சேவல் கூவுற நேரமா விடியக்காலையா, அதனால முழிச்சிருங்கன்னு வரும். சாமியார் யாரோட மனசையும் நினைச்சு எடுத்தது இல்ல, உலகம் பூரா கத்தோலிக்கக் கோயில்ல அன்னைக்கு அதுதான் வாசகம். ஆனா அங்க உக்காந்திருந்த பொம்பளைங்களுக்கு வீட்டுத் தலைவர்னா யாரு? சாமியாரால அந்த வரியத் தாண்ட முடியல. கோயில்ல ஒரு சத்தம் இல்ல, அப்புறம் பெண்கள் பக்கத்துல இருந்து ஒரு அழுகை கேட்டுச்சு பாருங்க, இன்னும் என் காதுல இருக்கு.

காத்திருக்கிறதுன்னா கையக் கட்டிட்டு உக்காந்திருக்கிறதுன்னு அதுவரைக்கும் நெனச்சிட்டிருந்தேன். டிசம்பர் 7 அந்த ஊர் சனங்க ஆயிரக்கணக்குல திரண்டு போய் குழித்துறை ஸ்டேஷன்ல ரயில மறிச்சாங்க, எங்க ஆளுங்கள தேடுங்கன்னு. வருவாங்கன்னு நம்புனவங்கதான் அப்படிக் கிளம்பிப் போவாங்க. நூத்துக்கும் மேல பேர் வரவே இல்ல. சித்தி வழக்கம்போல கிறிஸ்மஸ் குடில்ல புல்லு வைக்க கேழ்வரகு ஊறவச்சு தட்டுல தூவியிருந்தாங்க, அது பாட்டுக்கு பச்சப்பசேல்னு முளைச்சு வந்துச்சாம், குடில் கட்ட மனசில்லாம அந்தத் தட்ட அப்படியே கொண்டுபோய் அக்கா வீட்டு மாதா படத்துக்கு முன்னாடி வச்சுட்டாங்க.

லூக்கா 3ல திருமுழுக்கு யோவான்கிட்ட சனங்க நாங்க என்ன செய்யணும்னு கேக்குறாங்க. ரெண்டு அங்கி இருந்தா இல்லாதவனுக்கு ஒண்ணு குடுன்னாரு. வரி தண்டுறவங்கள குறிச்சதுக்கு மேல வாங்காதேன்னாரு, படைவீரங்கள மிரட்டிப் பணம் பறிக்காதேன்னாரு. ஆண்டவர் வர்றாரு, ரெடியாகுங்கன்னு சொன்ன மனுஷன் சொன்ன தயாரிப்பு இவ்வளவுதான். நாம லைட்டும் புது டிரஸ்ஸுமா தயாராகுறோம். அதெல்லாம் வேணாம்னு நான் சொல்லல, பிள்ளைங்களுக்கு சந்தோஷம் வேணும். ஆனா அதுலயே டிசம்பர் பூரா கரைஞ்சு போகுதே, அதுதான் வலிக்குது. நம்ம கோயில் பங்குலயே எத்தன வீட்டுல எதையாவது எதிர்பார்த்து உக்காந்திருக்காங்க, டயாலிசிஸ் முடிஞ்சு வர்ற அப்பாவுக்காக, கல்ஃப்ல இருந்து ஃபோனே பண்ணாத பையனுக்காக. ராமேஸ்வரம் பக்கம் போனா இலங்கை ஜெயில்ல இருக்கிற புருஷன எதிர்பார்த்து இருக்கிற வீடுங்க. ஆண்டவர் வருகைக்குக் காத்திருக்கோம்னு சொல்ற நாம இவங்க கூட ஒரு சாயங்காலம் உக்காரலேன்னா, எதுக்காகக் காத்திருக்கோம்னு எனக்குப் புரியல.

கேரல் ரவுண்ட்ஸுக்கு ரூட் போடுற தம்பிங்க யாராவது இத படிச்சா ஒரு வேண்டுதல். அந்த மாதிரி வீடுங்கள கடைசில அவசரமா முடிக்காதீங்க. அதுக்குன்னு ஒரு நாள் தனியா வைங்க, மைக் செட்டும் தாத்தா வேஷமும் வேணாம், நாலு பேர் போனா போதும். ஒரே ஒரு பாட்டு பாடிட்டு, அவங்க போட்டுத் தர்ற கட்டன்காப்பியக் குடிச்சிட்டு, கொஞ்சநேரம் அங்கயே இருங்க. நானும் வர்றேன்.