150-வது துளை

கனிமத் தேடல் கதைகளில் கடைசியாகத் துளை போட்டவர் பெயர்தான் நிற்கிறது. அவருக்கு முன்னால் போட்டவர்களை, கோட்டை விட்டவர்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். மங்கோலியாவின் ஓயு டோல்கோய் என்ற செம்பு-தங்கச் சுரங்கத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இது உறுத்துகிறது.

தெற்கு கோபி பாலைவனத்தில், சீன எல்லையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது அந்த இடம். பெயருக்கு டர்க்காய்ஸ் (நீலப்பச்சைக் கல்) குன்று என்று பொருள். செம்பு காற்றும் நீரும் பட்டுப் பாறையில் ஏற்றிய பச்சை நிறத்தை வெண்கலக் கால மக்களே கண்டு, தோண்டியிருக்கிறார்கள்.

1990களின் பிற்பகுதியில் பிஎச்பி என்ற சுரங்க நிறுவனம் அங்கே 23 துளைகள் போட்டது. ஒரு துளையில் சால்கோசைட் என்ற செம்புத் தாதுவின் படுகை தென்பட்டது. மேலே இருக்கும் செம்பைத் தண்ணீர் கரைத்து இறக்கி, கீழே செறிவாகப் படிய வைக்கும் அடுக்கு அது. அப்புறம் செலவைக் குறைக்க வேண்டிய நெருக்கடியில் அவர்கள் விலகிவிட்டார்கள். 2000இல் வந்த ஐவன்ஹோ நிறுவனமும் முதலில் அந்தப் படுகையைத்தான் துரத்தியது. ஆழத்தைச் சோதிக்க 2001இல் போட்ட 150-வது துளையில், தொடர்ந்து 508 மீட்டருக்குத் தாது கிடைத்தது: சராசரியாக 0.81 சதவீதம் செம்பு, டன்னுக்கு 1.17 கிராம் தங்கம். அதாவது ஒரு டன் பாறையில் 8 கிலோ செம்பு. கேட்கச் சிறிய அளவுதான், ஆனால் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு இப்படி!

இது போர்ஃபிரி வகைப் படிவு. பூமிக்குள் சில கிலோமீட்டர் ஆழத்தில் பாறைக்குழம்பு இறுகும்போது, அதிலிருந்து பிரியும் சூடான உப்புநீர் சுற்றுப் பாறையை நொறுக்கி, விரிசல்களில் செம்பையும் தங்கத்தையும் விட்டுச்செல்கிறது. பொதுவாக மலை எழ எழ இத்தகைய படிவுகள் அரிக்கப்பட்டுப் போய்விடும். இதே வகைப் படிவான இந்தோனேசியாவின் கிராஸ்பெர்க்குக்கு வயது வெறும் 30 லட்சம் ஆண்டுகள்தான். ஓயு டோல்கோய்க்கோ சுமார் 37 கோடி! பிந்தைய பாறைகள் மேலே மூடிக்கொண்டதால் இத்தனை காலம் தப்பியிருக்கிறது. அந்த மூடிதான் தேடியவர்களின் கண்ணையும் மறைத்தது.

பிஎச்பியின் 23 துளைகள் இல்லாமல் 150-வது துளை இல்லை என்பேன். அதனால்தான் சொல்கிறேன்: விலகிப் போகும் நிறுவனம் துளைப் பதிவுகளையும் பாறை மாதிரிகளையும் அந்த நாட்டின் புவியியல் துறையிடம் ஒப்படைத்தே ஆக வேண்டும். அங்கே அவை யாரும் வந்து பார்க்கும்படி இருக்க வேண்டும். பணம் தீர்ந்ததால் நின்ற தேடலை, பாறையில் ஒன்றுமில்லை என்ற தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

2002இல் அதே இடத்தின் வடக்கே, இன்னும் ஆழத்தில், இதைவிடச் செறிவான படிவு கிடைத்தது. அதற்கு ஹியூகோ டம்மெட் என்று பெயர் வைத்தார்கள். பிஎச்பியின் கனிமத் தேடலில் உயர் பொறுப்பில் இருந்துவிட்டு ஐவன்ஹோவுக்கு வந்தவர் அவர். அந்த ஆண்டுதான் ஒரு சாலை விபத்தில் இறந்துபோனார்.