பிங் போகிறது, பக்கம் வரவில்லை

எங்கள் அலுவலகத்தில் ஒரே சுவிட்சில் இணைந்த 12 கணினிகளில், என் மேசையிலுள்ளது மட்டும் வாரம் தவறாமல் இணையப் பக்கங்களைத் திறக்க மறுக்கிறது. கேபிள் முனையில் பச்சை விளக்கு மின்னுகிறது, பிரிண்டர் வேலை செய்கிறது, 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) கொடுத்தால் 4 பதில்களும் ஒழுங்காக வருகின்றன. பிரவுசரில் மட்டும் அந்தச் சிறு வட்டம் ஓயாமல் சுற்றுகிறது. எண்ணுக்குப் பதில் வந்து தளத்தின் பெயருக்கு வராவிட்டால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸைப் பார்க்க வேண்டும் என்பதுகூடவா எங்கள் கணினி உதவியாளருக்குத் தெரியாது? ஒவ்வொரு முறையும் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்" என்பதுதான் பதிலா? பிரவுசர் சேமித்துவைத்த கேஷை அழித்தாயிற்று, பிரவுசரை நீக்கி மறுபடி நிறுவியாயிற்று. முன்பு ஒருமுறை காரணம், பிரவுசரை இடையில் வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் பிராக்ஸி அமைப்பு, யாரோ எப்போதோ போட்டு மறந்தது. இன்னொரு முறை, மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விட, திறந்த தளமெல்லாம் பாதுகாப்பற்றது என்ற எச்சரிக்கை. நேற்றோ பிங்கும் போகவில்லை, 169.254 என்று தொடங்கும் ஐபி முகவரி. அதாவது கணினிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வர் எதுவும் தராததால் விண்டோஸ் தானாகவே வைத்துக்கொண்ட முகவரி. இத்தனைக்கும் நேற்று 20ஆம் தேதி, மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். தாமதக் கட்டணத்தை அந்த வட்டமா வந்து கட்டப்போகிறது?