"நமக்குப் படம் பாக்கத் தெரியலையோ மாமா?"

2018இல் 'வெனம்' வந்தபோது அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அப்போது அவனுக்குப் பதின்மூன்று வயது. கதாநாயகன் எட்டி ப்ராக் உடம்பெல்லாம் கொதிக்க, சாப்பிட வந்தவர்கள் வெறித்துப் பார்க்க, லாப்ஸ்டர் தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்வாரே, அந்த இடத்தில் இவன் சிரித்த சிரிப்பில் முன் வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். படம் முடிந்ததும், எட்டிக்குள் புகுந்துகொண்ட வெனம் என்ற ஜந்துவின் குரலிலேயே பேச ஆரம்பித்துவிட்டான். தொண்டையை இறுக்கி, அடிவயிற்றிலிருந்து. படிக்கட்டில் இறங்கும்போது என் போனை வாங்கி எதையோ தேடினான். அந்தக் குரல் நின்றுவிட்டது.

"மாமா, இது முப்பதுதான் வாங்கிருக்கு."

"என்னது முப்பது?"

"ராட்டன் டொமேட்டோஸ்ல. பச்சையா சிதறின மாதிரி போட்டிருக்கான்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு கேட்டான். "நமக்குப் படம் பாக்கத் தெரியலையோ மாமா?"

அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவனுக்குத் தர வேண்டிய பதில் பல வருடமாக என்னிடம் பாக்கி இருக்கிறது. இன்றைக்கு எழுதிவிடுகிறேன். பதிவு நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். சில படங்களின் கதையும் வெளியே வரும்.

ராட்டன் டொமேட்டோஸ் என்பது பட விமர்சனங்களை ஒரே இடத்தில் திரட்டும் இணையதளம். முதலில் அது போடும் அந்த எண் என்ன என்று பார்ப்போம். பலரும் அதைப் பரீட்சை மார்க் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். 90 என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு தரம், 30 என்றால் ஃபெயில். அது அப்படி இல்லை. ஒவ்வொரு விமர்சனத்தையும் 'பிடித்தது', 'பிடிக்கவில்லை' என்ற இரண்டே பெட்டிகளில் ஒன்றில் போடுகிறார்கள். நூறு பேரில் எத்தனை பேர் முதல் பெட்டியில் விழுந்தார்களோ அதுதான் சதவீதம். 60ஐத் தொட்டால் சிவப்புத் தக்காளி, கீழே இறங்கினால் பச்சைச் சிதறல்.

இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து விமர்சகர்களும் "பரவாயில்லை, ஒரு தடவை பார்க்கலாம்" என்று எழுதினால் அந்தப் படத்துக்கு 100. இன்னொரு படத்தை ஆறு பேர் "இப்படி ஒன்றைப் பார்த்துப் பல வருடம் ஆயிற்று" என்று கொண்டாடுகிறார்கள், நாலு பேரால் சகிக்கவே முடியவில்லை. அதற்கு 60. யாருக்கும் வலிக்காத படம் நூறு வாங்கிவிடும். சிலரை உலுக்கி, சிலரைக் கோபப்படுத்திய படம் விளிம்பில் தொங்கும். எனக்கு இரண்டாவது படத்தைத்தான் பார்க்க வேண்டும்.

'ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்' ராட்டன் டொமேட்டோஸில் 92. விமர்சகர்கள் எவ்வளவு பிடித்தது என்று தந்த அளவுகளுக்குச் சராசரி போடும் மெட்டாக்ரிட்டிக்கில் அதே படம் 73. இரண்டுமே பொய் இல்லை. "கிட்டத்தட்ட எல்லாருக்கும் பிடித்தது" என்பதற்குப் பதில் முதல் எண். "எந்த அளவுக்குப் பிடித்தது" என்பதற்குப் பதில் இரண்டாவது. நாம் முதல் பதிலை எடுத்து இரண்டாவது கேள்விக்கு ஒட்டிக்கொள்கிறோம். கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எல்லா வகைப் படத்துக்கும் இது பொருந்தும் என்றாலும் சூப்பர்ஹீரோ படத்தில் ரொம்பவே கூர்மையாகிறது. காரணம், பெரிய ஸ்டூடியோ எடுக்கும் சூப்பர்ஹீரோ படம் யாரையும் கை நழுவ விடாமல் இருப்பதற்காகவே செதுக்கப்படுவது. ஏழு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பெரியவரும் உட்கார வேண்டும். சண்டை, நகைச்சுவை, ஒரு சொட்டுக் கண்ணீர், அடுத்த படத்துக்கு ஒரு கொக்கி. இந்த அளவுகளைச் சரியாகக் கலக்கத் தெரிந்தால் "பரவாயில்லை" என்ற வாக்குகள் வந்து குவியும், எண் 80ஐத் தாண்டும். அப்படித் தாண்டிய படங்கள் எத்தனையோ. ஒரு காட்சியாவது ஞாபகம் இருக்கிறதா என்று யாராவது கேட்டால் எனக்கு யோசிக்க வேண்டியிருக்கிறது. 2019இல் வந்த 'ஜோக்கர்' 70ஐத் தொடவில்லை. அது வெனிஸ் திரைப்பட விழாவில் உச்ச விருதான தங்கச் சிங்கம் வாங்கிய படம், 11 ஆஸ்கர் பரிந்துரை பெற்ற படம். கழிப்பறையில் அந்த மனிதன் தனியாக ஆடும் ஆட்டத்தை வெறுத்தவர்களால்கூட மறக்க முடியவில்லை.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ராட்டன் டொமேட்டோஸ் தளத்தை 1998இல் தொடங்கிய சென் டுவாங் ஒரு ஜாக்கி சான் ரசிகர். ஜாக்கியின் படங்களைப் பற்றி அமெரிக்க விமர்சகர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று தேடித் தேடிச் சேர்த்துக்கொண்டிருந்தவர். படிப்பதற்காகச் சேர்த்தார். ஒரே இடத்தில் பல குரல்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்த தொடக்கம். சதவீதம் அந்தக் குரல்களுக்குள் நுழையும் வாசல். நாம் வாசலோடு திரும்பிவிடுகிறோம்.

எண் எவ்வளவு என்பதைவிட, அது எப்போது நம் கைக்கு வருகிறது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. பெரிய சூப்பர்ஹீரோ படம் வெளியாகும் விதத்தைக் கவனித்துப் பாருங்கள். முதலில் ப்ரீமியர் பார்த்தவர்களின் நாலு வரி உற்சாகம் மட்டும் வெளியே விடப்படும். முழு விமர்சனத்துக்குத் தடை இருக்கும். ஒரு நாள், ஒரு மணி என்று குறித்து அதை நீக்குவார்கள். அந்த நொடியில் சில டஜன் விமர்சனங்கள் மொத்தமாக விழும், ஒரு எண் பிறக்கும். அது இன்னும் வளர வேண்டிய குழந்தை. நாம் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு டிக்கெட் போடுவோம், அல்லது போடாமல் விடுவோம். 'வொண்டர் உமன் 1984' 2020 டிசம்பரில் 80களில் இருந்தது. சில வாரங்களில் 60க்குக் கீழே போய்விட்டது. படத்தில் ஒரு ஃப்ரேம்கூட மாறவில்லை. முதல் வாரம் பார்த்தவர் உயர்ந்த படத்தைப் பார்த்தார், அடுத்த மாதம் பார்த்தவர் தாழ்ந்த படத்தைப் பார்த்தார், படம் என்னவோ ஒன்றுதான்.

2017இல் இன்னொன்று நடந்தது. 'ஜஸ்டிஸ் லீக்' எண்ணை ராட்டன் டொமேட்டோஸ் உடனே வெளியிடவில்லை. தங்கள் நிகழ்ச்சி ஒன்றில் அறிவிப்பதற்காகப் பிடித்து வைத்திருந்தார்கள். படத்தின் ஸ்டூடியோவுக்கு அந்தத் தளத்தில் பங்கும் இருந்ததால் சந்தேகம் கிளம்பியது. சந்தேகத்தை விடுங்கள். செத்துப்போன சூப்பர்மேன் மீண்டும் எப்படி எழுந்து வருவான் என்று காத்திருக்க வேண்டிய ரசிகர்கள், ஒரு சதவீதம் எப்போது வெளிவரும் என்று காத்திருந்தார்கள். எண்ணுக்கே ட்ரெய்லர் விட்ட மாதிரி. அன்றைக்குத்தான் இது எங்கே போய் நிற்கிறது என்று எனக்கு உறைத்தது.

இனி தியேட்டருக்குள் நடப்பது. என் அனுபவத்தையே சொல்கிறேன்.

2021இல் 'எட்டர்னல்ஸ்' பார்க்கப் போகும்போதே எனக்கு எண் தெரியும். 47. மார்வெல் வரிசையில் முதன்முதலாகப் பச்சைக்குப் போன படம். உட்கார்ந்த நிமிடத்திலிருந்து நான் படம் பார்க்கவில்லை, சோதனை போட்டுக்கொண்டிருந்தேன். வசனம் கொஞ்சம் நீண்டால் "ஆங், இங்கேதான் விழுந்திருக்கும்". யாராவது நகைச்சுவை சொல்லிச் சிரிப்பு வராவிட்டால் "இதுவும் ஒன்று". வெளியே வந்து எல்லாரிடமும் "சுமார்தான்" என்றேன். அது என் வாயிலிருந்து வந்த வார்த்தை, என் மனதிலிருந்து வந்தது இல்லை.

ஒரு வருடம் கழித்து வீட்டில், வேறு வேலை எதுவும் இல்லாத ஒரு மதியம், திரும்பப் போட்டேன். 1521இல் அஸ்டெக் மக்களின் தலைநகரம் டெனோச்டிட்லான் எரிகிற காட்சி வருகிறது. மனிதர்களின் சண்டையில் தலையிடக்கூடாது என்பது எட்டர்னல்ஸ் என்ற இந்தச் சூப்பர்ஹீரோ கூட்டத்துக்கு இடப்பட்ட கட்டளை. மனதால் நினைத்தாலே அத்தனை பேரையும் நிறுத்திவிடும் சக்தி அவர்களில் ஒருவனான ட்ரூயிக்குக்கு உண்டு. கண் முன்னால் வெட்டிக்கொண்டு சாகிறார்கள். பொறுக்க முடியாமல் அவன் கண்கள் பொன்னாக ஒளிர்கின்றன, கத்தி பிடித்த கைகள் அப்படியே நிற்கின்றன. பிறகு தன் கூட்டத்தை விட்டுவிட்டு, அந்த மக்களை அழைத்துக்கொண்டு நடந்து போகிறான். தடுக்கும் வல்லமை இருந்தும் கை கட்டி நிற்கச் சொன்னால் நல்லவன் என்ன செய்வான் என்று ஒரு சூப்பர்ஹீரோ படம் கேட்கிறது. முதல் தடவை இதே காட்சி என் முன்னால் அவ்வளவு பெரிய திரையில் ஓடியது. எனக்கு எதுவுமே ஆகவில்லை. படத்தில் பாத்திரங்கள் அதிகம், நீளம் அதிகம் என்று இப்போதும் சொல்வேன். ஆனால் அந்தக் காட்சியின் முதல் பார்வையை நான் இழந்துவிட்டேன், அது இனி வராது.

பெரிய எண்ணும் இதே வேலையைத் தலைகீழாகச் செய்கிறது. 2018இல் 'ப்ளாக் பேந்தர்' 96 வாங்கியதும் ஒரு நண்பன் முதல் நாளே போனான். வெளியே வந்து போன் பண்ணினான். "நல்லாத்தான்டா இருக்கு. ஆனா 'டார்க் நைட்'டே 94தானே? அதவிட ரெண்டு கூடன்னா என்னமோ நெனச்சுட்டுப் போயிட்டேன்." தன் சிம்மாசனத்துக்கு உரிமை கேட்டு வந்தவனின் கோபத்தில் நியாயம் இருக்கிறதோ என்று நாயகனையே தடுமாற வைக்கும் படம் அது. இவன் இரண்டு மார்க்கைத் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்திருக்கிறான்.

"எண்ணால் என்ன குறைந்துவிட்டது, ஓடுகிற படம் ஓடத்தானே செய்கிறது" என்று கேட்பீர்கள். உண்மைதான், வசூலை அது ஒற்றை ஆளாக நிர்ணயிப்பதில்லை. அந்த முப்பது வாங்கிய 'வெனம்' உலகம் முழுக்க 85 கோடி டாலருக்கு மேல் எடுத்தது. 26இல் நின்ற 2016இன் 'சூசைட் ஸ்குவாட்' 74 கோடி டாலரைத் தாண்டியதோடு ஒப்பனைக்கு ஆஸ்கரும் வாங்கியது. ஆனால் வசூல் கணக்கு ஸ்டூடியோவின் கவலை. என் கவலை வேறு. தியேட்டரிலிருந்து வெளியே வருகிறவர்கள் என்ன பேசுகிறார்கள்? "அந்த இடம் எப்படி இருந்துச்சு" என்று தொடங்கிய பேச்சு "எவ்வளவு வந்திருக்கு" என்று மாறிவிட்டது.

இந்தக் கோபத்தைத் தயவுசெய்து விமர்சகர்கள் மேல் திருப்பாதீர்கள். 2012இல் 'தி டார்க் நைட் ரைசஸ்' படத்தைக் குறை சொல்லி எழுதிய விமர்சகர்களுக்குக் கொலை மிரட்டல் வந்தது. பெரும்பாலான ரசிகர்கள் படத்தைப் பார்த்திருக்கக்கூட இல்லை. தளத்தில் அந்தப் படத்துக்கான பின்னூட்டங்களையே நிறுத்த வேண்டி வந்தது. 2016இல் அந்தத் தளத்தையே மூடச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டார்கள். 2019இல் 'கேப்டன் மார்வெல்' வெளியாகும் முன்பே, பார்க்க விருப்பமா என்று கேட்கும் பகுதியில் கூட்டமாக வந்து எண்ணை இறக்கினார்கள். தளம் அந்தச் சதவீதத்தையே எடுத்துவிட்டது. கொஞ்ச மாதத்தில், டிக்கெட் வாங்கியதை உறுதிசெய்த பார்வையாளர்களின் மதிப்பீட்டைத் தனியாகக் காட்ட ஆரம்பித்தது. எண்ணை நம்பாதே என்று கத்துகிறவர்கள்தான் எண்ணுக்காக இவ்வளவு மல்லுக்கட்டுகிறார்கள்.

இதில் அதிகம் இழந்தவர் விமர்சகர். ராத்திரி உட்கார்ந்து ஆயிரம் வார்த்தை எழுதுகிறார். ஒரு நடிகையின் முகத்தில் வந்து போன சலனத்தைப் பற்றி ஒரு பத்தி, படத்தொகுப்பு எங்கே தடுமாறியது என்று ஒரு பத்தி. கடைசியில் அதிலிருந்து எடுக்கப்படுவது சிவப்பா பச்சையா என்ற ஒற்றை நிறம். நான் உருப்படியாகப் படம் பார்க்கக் கற்றுக்கொண்டது விமர்சனங்கள் படித்துத்தான். எனக்குப் பிடித்த படத்தை ஒருவர் காரணத்தோடு கிழித்துத் தொங்கவிடுவதைப் படிப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். படம் பார்த்த பிறகு படிக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

2025இல் அக்கா மகனுக்கு இருபது வயது. அந்த வருடம் 'தண்டர்போல்ட்ஸ்' பார்க்கப் போனோம். "88 மாமா, தைரியமா போலாம்" என்று அவன்தான் டிக்கெட் போட்டான். முடிந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டேன். "88 கரெக்ட்தான்" என்றான். வெனம் குரலில் பேசிக்கொண்டு வந்த அந்தப் பையனை எங்கே தொலைத்தோம் என்று எனக்குத் தொண்டையை அடைத்தது.

வண்டியை எடுக்கப் போகும் வழியில் விடாமல் கேட்டேன். "சரி, பாப் தனக்குள்ள இருந்து வந்த அந்த இருட்டு உருவத்தைப் போட்டு அடிச்சுக்கிட்டே இருக்கான்ல. அப்ப என்னடா நெனச்ச?"

கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தான். "அடிக்க அடிக்க இருட்டு அவன் மேலயே ஏறிச்சுல்ல மாமா. நிறுத்துடா, நிறுத்துடான்னு இருந்துச்சு. எல்லாரும் ஓடி வந்து கட்டிப் பிடிக்கிறாங்கல்ல, அது எனக்குப் பத்தல. கட்டிப் பிடிச்சா சரியாயிருமா? அவ்ளோ சீக்கிரமாவா?"

எனக்கு அந்த முடிவு பிடித்திருந்தது. ஏன் பிடித்தது என்று சொன்னேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. நாயகி எலெனா முதல் காட்சியில் கட்டட உச்சியில் நின்று தனக்குள் ஒரு வெறுமை இருக்கிறது என்று சொல்வதை எடுத்துப் போட்டு, அதுதான் படத்திலேயே உண்மையான இடம் என்று வாதாடினான். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே முக்கால் மணி நேரம் நின்றோம். பக்கத்தில் இருந்த வண்டிகளெல்லாம் போய்விட்டிருந்தன.