பாட்டுக் கேக்க கண்ணு எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு

கரைவலை இழுக்குறவங்க பாட்ட நம்ம ராமநாதபுரம் கடலோரப் பசங்க ஆல்பமாப் போட்டிருக்காங்க. அதுக்கு ஏஐல செஞ்சு மாட்டின அட்டை பாட்டுக்குப் பொருந்தலைன்னு நேத்து ரெண்டே வரி எழுதினேன். அதுக்கு இத்தனை பேர் வரிஞ்சு கட்டிக்கிட்டு வருவீங்கன்னு நெனைக்கல. "பாட்டக் கேளுங்க சார், படத்த எதுக்குப் பாக்குறீங்க." "நம்ம ஊர்ப் பசங்கள நாமளே கவுக்கலாமா?" "நீங்க இதுவரைக்கும் எத்தனை ஆல்பம் போட்டிருக்கீங்க?" சரிங்க. ரெண்டு வரி பத்தலைன்னு புரியுது. நீட்டியே சொல்லிடுறேன்.

மொதல்ல ஒண்ணு. பாட்டு நல்லாருக்கு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க, பாட்டு நல்லாருக்கு. கரைவலை இழுக்கும்போது பாடுற வேலைப் பாட்டான அம்பாவ, மேல கீபோர்டு பூசாம, ஒருத்தர் எடுத்துக் குடுக்க மத்தவங்க திருப்பி வாங்குற அதே முறையில பதிவு பண்ணியிருக்காங்க. மீன் சேர்ற வலை மடி கரைய நெருங்கும்போது கனம் ஏறி இழுவை நிதானமாகுமே, அதுகூட தாளத்துல கேக்குது. கோபம் வர்றதே அதனாலதான். பாட்டு மட்டமா இருந்தா அட்டையப் பத்தி எவன் பேசப்போறான்?

இப்ப அட்டைக்கு வாங்க. ஆரஞ்சும் ஊதாவுமா கடலுக்குள்ள முங்குற சூரியன். நடுவுல பாம்பன் பாலம். முன்னாடி, ஆலப்புழைப் பக்கம் போட்டிக்கு விடுறாங்களே, பின்முனை வானத்தப் பாத்து நிக்குற வள்ளம், அது. அதுல தலைப்பா கட்டின ஒரு பெரியவர், ஒத்தத் துடுப்போட. ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு. மேல தங்கத்துல எழுத்து, எழுத்துக்கு ஒரு நிழல், நிழலுக்கு ஒரு பளபளப்பு.

தொண்டியிலயும் தேவிபட்டினத்துலயும் சூரியன் கடலுக்குள்ள இருந்து எந்திரிக்கும், கடலுக்குள்ள போய்ப் படுக்காது. நம்ம கடல்ல வத்தை இருக்கு, வல்லம் இருக்கு, பைபர் படகு இருக்கு, விசைப்படகு இருக்கு. அந்தப் படத்துல இருக்குறது இதுல எதுவும் இல்ல. அதெல்லாம்கூடப் போகட்டும். கரைவலை இழுக்குற பாட்டுல துடுப்புக்கு என்ன வேலை? படகு போய் வலைய வளைச்சு விட்டுட்டு, கயித்தோட மறுநுனியக் கரைக்குக் கொண்டாந்துடும். இந்த ஆல்பத்துப் பாட்டு அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது. ரெண்டு வரிசையா ஆளுங்க மணல்ல நின்னு இழுக்குறாங்க. குதிங்கால் மண்ணுல பதியுது, கயிறு இடுப்புல அழுந்துது. மொத்தப் பாட்டும் மணல்ல நடக்குது. அட்டையில மணலே இல்ல!

நான் சொல்றது ஒரே ஒரு விஷயம். இது இன்ன பாட்டுன்னு அட்டை சொல்லணும். அழகா இருக்கணும்கிறதெல்லாம் அதுக்கப்புறம்.

கேசட் காலத்துல இத யாரும் யாருக்கும் சொல்லித் தரல. கேசட்டுக்குள்ள மடிச்சு வைக்கிற அட்டைக்கு முன்பக்கம் ஏறத்தாழ ரெண்டரைக்கு நாலு அங்குலம். கடை அடுக்குல அதுகூடத் தெரியாது, அரை அங்குல முதுகுதான் தெரியும். அந்த அரை அங்குலத்துல எல்லாத்தையும் சொல்லியாகணும். அதனால நிறம் பேசுச்சு. பச்சை, பிறை, மினாரான்னா இஸ்லாமியப் பாட்டு. வானநீலம், மேகத்தக் கிழிச்சு வர்ற வெளிச்சம், புறான்னா கிறிஸ்தவப் பாட்டு. மஞ்சளும் செவப்பும் வேப்பிலையும்னா அம்மன். ஏர்வாடி தர்கா சந்தனக்கூட்டுக்கும் ஓரியூர் சர்ச் திருவிழாவுக்கும் ஊர் முளைப்பாரிக்கும் ஒரே ரேடியோ செட்டுக்காரர்தான் போவார். கூட்டத்துல, அரைகுறை வெளிச்சத்துல, பெட்டிக்குள்ள கைய விட்டு சரியான கேசட்ட எடுத்தார்னா அது அந்த முதுகோட நிறத்தாலதான். நாகூர் ஹனிபா, நம்ம ராமநாதபுரத்துல 1925ல பொறந்தவர், அவரோட தொப்பி வச்ச முகத்த அட்டையில பாத்தாலே போதும், பேரப் படிக்க வேண்டியதில்ல. முகமே பாட்டு வகை ஆயிடுச்சு.

இத 'கேசட் ரசனை'ன்னு நக்கல் பண்ணின தம்பிக்கு: வெளிநாட்டுலயும் இதே கதைதான். 1940 வாக்குல அமெரிக்காவுல கொலம்பியாங்கிற இசைத்தட்டுக் கம்பெனியில அலெக்ஸ் ஸ்டைன்வைஸ்னு ஒரு இளவட்டம் வந்து படம் வரையுற வரைக்கும், அங்க இசைத்தட்டு பெரும்பாலும் வெறும் பழுப்புக் காகித உறையிலதான் வித்துச்சு. உள்ள பீத்தோவனா நடனப் பாட்டான்னு உறையப் பாத்துச் சொல்ல முடியாது. அவர் படம் போட்டதும் அதே தட்டுங்க கூடுதலா வித்துச்சு. அப்புறம் ஜாஸ் இசைக்குப் புளூ நோட் கம்பெனி. பிரான்சிஸ் வுல்ஃப் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், அத ரீட் மைல்ஸ் கன்னாபின்னான்னு வெட்டி, மேல ஒத்த நிறம் ஏத்தி, எழுத்தக் கோணலாவும் பெருசாவும் போட்டார். ஜாஸ்ல தாளம் எதிர்பாக்காத எடத்துல விழும். அந்த எழுத்தும் அப்படித்தான் விழுந்துச்சு. ஹெவி மெட்டல்ங்கிற முரட்டு ராக் இசையில சில குழுக்காரங்க பேர முள்ளுவேலி கணக்கா, படிக்கவே முடியாம எழுதுறாங்களே, அது தெரியாமச் செய்யுறது இல்ல. படிக்கத் தெரிஞ்சவன் உள்ள வா, மத்தவன் தள்ளிப் போ. நம்ம கர்னாடக சங்கீதத் தட்டுல பின்பக்கம் ராகமும் தாளமும் போட்டிருப்பாங்க. அந்த ரசிகர் திருப்பிப் பாக்குற எடம் அது. ஆக அட்டைங்கிறது யாரக் கூப்பிடுறோம்கிற விஷயம்.

"இங்கிலாந்து ராக் குழு பிங்க் ஃபிளாய்ட் 1973ல அட்டையில வெறும் கண்ணாடிப் பட்டகத்தையும் (ப்ரிசம்) வானவில்லையும் போட்டாங்களே, குழு பேருகூட முன்னாடி இல்லையே"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். நல்ல கேள்விதான். அவங்க கச்சேரியில ஒளியே ஒரு வாத்தியமா இருந்துச்சு, அந்தப் பட்டகம் அங்க இருந்து வந்தது. அதுவும் 12 அங்குல அட்டை, கையில வச்சு ராத்திரி முழுக்கப் பாக்கலாம். உங்க அட்டை செல்போன்ல கட்டவிரல் நகம் அளவுக்குத்தான் தெரியப்போகுது. ரெண்டும் ஒண்ணா?

அந்த நக அளவுதான் இப்ப எல்லாருக்கும் வைக்கிற ஆப்பு. பாட்டுச் செயலிங்கள்ல பாட்ட ஏத்தித் தர்ற நிறுவனங்க கேக்குறது பொதுவா 3000க்கு 3000 பிக்சல் சதுரம். அதக் கம்ப்யூட்டர்ல பெருசா வச்சுப் பாத்துட்டு "செம்மயா இருக்கு"ன்னு அனுப்பிடுறாங்க. அத 64 பிக்சலுக்குச் சுருக்கிப் பாருங்க. கிட்டத்தட்ட 47 மடங்கு சுருங்கும். அதாவது 47 பிக்சல் தடிமன் உள்ள கோடு ஒரே ஒரு பிக்சலா நிக்கும். அதவிட மெல்லிசா இருந்தா கரைஞ்சு போயிடும். தமிழ் எழுத்துல மொதல்ல சாகுறது புள்ளி, அடுத்தது கொம்போட சுழி. புள்ளி குறைஞ்சது 100 பிக்சல் அகலமாவது இருக்கணும். எழுத்து உயரம் 500ல இருந்து 600. அந்த அளவுல வச்சா ஒரு வரிக்கு நாலஞ்சு எழுத்துதான் பிடிக்கும், தமிழ் எழுத்து அகலம். அதனால தலைப்ப ரெண்டு வரியா ஒடைச்சுத்தான் ஆகணும். நிழலும் பளபளப்பும் சுருங்கினா அழுக்காத்தான் தெரியும். இந்த அட்டையில தலைப்போட புள்ளிய தங்கமும் சூரியனும் சேந்து முழுங்கிடுச்சு. படத்தக் கறுப்பு வெள்ளையா மாத்திப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும். தங்க எழுத்தும் ஆரஞ்சு வானமும் ஒரே சாம்பல்.

எழுத்து ஒடையுறது தனிக் கொடுமை. பழைய போட்டோஷாப்ல எழுத்து அமைப்புக்குள்ள போயி தெற்காசிய மொழிக்கான 'வேர்ல்டு ரெடி'க்கு மாத்தலைன்னா, 'கொ'வுல கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாப் பிரிஞ்சு நிக்கும். பிரஸ்காரங்க கோரல்டிராவுல பாமினிங்கிற பழைய எழுத்துருவுல அடிச்சுத் தருவாங்க, அது யூனிகோடு இல்ல. படத்துக்கு அது போதும். ஆனா ஏத்துறப்போ பாட்டுப் பேர யூனிகோடுல தனியா அடிக்கணும், படத்துல இருக்குறதும் அடிச்சதும் ஒண்ணா இருக்கணும், இல்லன்னா திருப்பி அனுப்புவான். ஃபிளெக்ஸுக்குச் செய்யுற, அச்சுக்கான சிஎம்ஒய்கே நிறத்துலயே அனுப்பினாலும் சிக்கல்தான். ஒண்ணு நிறம் செத்துப்போகும், இல்ல வாங்கவே மாட்டான். திரைக்கான ஆர்ஜிபி நிறத்துக்கு மாத்தணும். போன் நம்பர், விலை, கியூஆர் கோடு, சப்ஸ்கிரைப் பட்டன் எதுவும் அட்டையில வரக்கூடாது. யூடியூப் முகப்புப் படம் தனி, வழக்கமா 1280க்கு 720. அதுல வலது கீழ் மூலையில நேரக் கட்டம் வந்து உக்காரும், பாடினவங்க பேர அங்க வைக்காதீங்க.

"காசில்லாத பசங்க சார், ஏஐலதான் செய்ய முடியும்." இதத்தான் அதிகம் பேர் சொன்னீங்க. கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. சாதாரண 12 மெகாபிக்சல் செல்போன் படம் 4000க்கு 3000. ரெண்டு பக்கமும் வெட்டினா சரியா 3000க்கு 3000. அவங்களுக்கு வேண்டிய அளவு பாக்கெட்டுலயே இருக்கு. ஜூம் பண்ணாம, கிட்டப் போயி எடுக்கணும். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, வெள்ளென, சாஞ்ச வெளிச்சத்துல எடுத்தா கயித்தோட முறுக்கு தெரியும். உச்சி வெயில்ல மணல் வெளுத்துப்போகும், முகம் கறுத்துப்போகும். அழகூட்டுற ஃபில்டர நிறுத்திடணும். ரெண்டு கை, ஒரு கயிறு, பின்னாடி மங்கலா அடுத்த ஆள். ஆளோட முகம் தெரிஞ்சா அவர்கிட்டக் கேட்டுட்டுப் போடணும். மேல் பாதியக் காலியா விட்டா எழுத்துக்கு எடம். ஓரத்துல 150 பிக்சல் சுத்தி எதுவும் வைக்கக்கூடாது, சில செயலிங்க மூலைய உருட்டிடும். அந்தப் படத்த வாட்ஸ்அப்ல சும்மா அனுப்பாம டாக்குமென்ட்டா அனுப்பணும். இல்லன்னா அது சுருங்கி, அப்புறம் இழுத்துப் பெருசாக்கி, மங்கலா இருக்குன்னு திரும்பி வரும். இதுல காசு எங்க செலவாச்சு?

"ஏஐன்னாலே ஒங்களுக்கு ஆகாது." ஆமாங்க, ஆகாது. அடுத்த கேள்வி.

"வெளியூர்க்காரனும் கேக்கணும், அதுக்குத்தான் பாலம்." வெளியூர்க்காரன் பாலத்தப் பாத்து உள்ள வருவான், உண்மைதான். சுற்றுலா வீடியோன்னு நெனைச்சு வருவான், பத்து நொடியில போயிடுவான். வரவேண்டியவன் என்ன ஆனான்? எங்க சித்தப்பாகிட்ட போனக் குடுத்தேன், கரைவலைக் கயிறு பிடிச்ச கை அது. அட்டையப் பாத்துட்டு, "மலையாளப் பாட்டாப்பா?"ன்னு திருப்பிக் குடுத்துட்டார். ஒரு அம்பாவக் கேட்டதும் அடுத்த அடிய எடுத்துக் குடுக்கக் கூடிய மனுசன். புளிக்கொழம்புச் சட்டியில பாயாசம்னு எழுதி ஒட்டினா, கொழம்பு கேட்டு வந்தவன் தாண்டித்தான் போவான்.

இன்னும் ஒண்ணு சொல்லணும், சொன்னா அரசியல்னு வருவீங்க, வாங்க. நம்ம கடலோரத்தக் காட்டுறவங்களுக்கு ரெண்டே படம்தான் தெரியும். ஒண்ணு பாலம், இன்னொண்ணு கைதான மீனவர் வீட்டுல அழுகுற பொம்பள. பாலத்துக்கு 1914லயும் 1988லயும் 2025லயும் திறப்பு விழா. பொம்பளைக்கு வருசம் பூராவும். நடுவுல இங்க ஆளுங்க வலை இழுக்குறாங்க, வேலையோட வேலையாச் சிரிக்குறாங்க, அம்பாவுல மேஸ்திரியக் கிண்டல் பண்றாங்க, உடைமர நிழல்ல உக்காந்து வலை பொத்துறாங்க, சாளைய யார் கூடுதலா அள்ளிட்டுப் போனதுன்னு சண்ட போடுறாங்க. அந்தப் பாட்டுல இது அத்தனையும் இருக்கு. மெட்ராஸ்ல இருந்து வந்தவன் பாலத்தப் போட்டா எனக்கு வருத்தமில்ல, அவனுக்கு அதுதான் தெரியும். நம்ம பசங்க, தென்கடலுக்கும் (மன்னார் வளைகுடா) வடகடலுக்கும் (பாக் நீரிணைப் பக்கம்) வித்தியாசம் தெரிஞ்ச பசங்க, ஒரு மெஷின்கிட்டப் போயி எங்க ஊரு எப்படி இருக்கும்னு கேட்டு, அது சொன்னத வாங்கி மாட்டியிருக்காங்க. இதச் சொன்னா நான் வயிறெரியுறேனாம். ஊர்ப்பாசம் இல்லாதவனாம்!

தம்பிகளா, யாராவது இதப் படிச்சா: பாட்டத் திரும்ப ஏத்தாதீங்க. ஏத்தித் தந்த நிறுவனத்துக்கு எழுதி அட்டைய மட்டும் மாத்தித் தரச் சொல்லுங்க. ஒவ்வொரு பதிவுக்கும் தர்ற அடையாள எண்ணான ஐஎஸ்ஆர்சி அதேதான் இருக்கணும், அப்பதான் இதுவரைக்கும் கேட்ட கணக்கு போகாது. படம் எடுக்க ஆள் வேணும்னா இன்பாக்ஸ்ல வாங்க, காசு வேணாம். பொழுது விடியும்போது கரையில நிக்கணும், அவ்வளவுதான். மத்தவங்க கமெண்ட்ல தொடருங்க. "நீங்க எத்தனை ஆல்பம் போட்டிருக்கீங்க"ன்னு மட்டும் மறுபடி கேக்காதீங்க, பதில் சொல்ல மாட்டேன்.