பூட்ஸுக்காக அறுத்த எலும்பு

ஞாயிறு முதல் சுற்றும் அந்தப் பின்னூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அறுவை முடிந்து படுத்திருக்கும் பெண் "இன்னைக்கும் முடியல" என்று ஒரே ஒரு வரி போட்டார். உடனே உபதேசம்: "பீரங்கிக் குண்டு பட்ட இஞ்ஞாசியார் முனகக்கூட இல்லை, விசுவாசத்தைக் கூட்டுங்கள் சகோதரி." கீழே வரிசையாக ஆமென்.

இயேசு சபையை நிறுவிய அந்த ஸ்பானியப் புனிதர் முனகவில்லைதான் ஐயா. முஷ்டியை இறுக்கியதோடு சரி என்று பிற்காலத்தில் அவரே சொன்ன வரலாற்றில் இருக்கிறது. ஆனால் எதற்காக? 1521 மே 20, பாம்பலோனா கோட்டைச் சண்டையில் கால் உடைந்தது. சரியாகக் கூடாத எலும்பை சொந்த ஊரான லொயோலாவில் மறுபடி உடைத்துச் சேர்த்தார்கள். சாவின் விளிம்புவரை போய்ப் பிழைத்தார். பார்த்தால் முழங்காலுக்குக் கீழே எலும்பு துருத்தி நிற்கிறது, காலும் குட்டை. இறுக்கமான பூட்ஸ் போட முடியாதே என்று அதை அறுக்கச் சொன்னார். மயக்க மருந்து இல்லாத காலம். பிறகு காலை நீட்டுவதற்கு நாள்கணக்கில் கருவி மாட்டி இழுத்தார்கள். அப்படியும் கடைசிவரை காலைத் தாங்கித் தாங்கித்தான் நடந்தார். முஷ்டியை இறுக்கியது அழகு பார்க்கும் படைவீரன். புனிதர் அப்போது பிறக்கவே இல்லை!

"தியாகத்தைக் கொச்சைப்படுத்துகிறாய்" என்பீர்கள். பூட்ஸ் எந்தத் தியாகத்தில் சேர்த்தி?

"அப்போ வலியைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுக்கவே கூடாதா?" இது நியாயமான கேள்வி. கொடுக்கலாம், உங்கள் வலியை. அடுத்தவர் வலியை எடுத்து ஒப்புக்கொடுக்க யார் அதிகாரம் தந்தது?

தைரியம் வேண்டுமென்றால், படைவாழ்வை விட்டு அவர் தவம் செய்த மன்ரேசாவுக்கு வாருங்கள், 1522. ஏற்கெனவே சொன்ன பாவங்களையே திரும்பத் திரும்பப் பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவிடம் செய்யும் பாவ அறிக்கையில், சொல்லியும் நிம்மதி இல்லை. அறையிலிருந்த பெரிய குழியில் குதித்துவிடலாமா என்ற நினைப்பு. ஒரு வாரம் பட்டினி. ஞாயிறன்று குருவிடம் சொன்னார். அவர் "சாப்பிடு" என்றார், சாப்பிட்டார். அவ்வளவுதான். நீங்கள் பகிர வேண்டிய வீரம் இதுதான், ஆனால் இதற்கு ஆமென் விழாது. அந்தக் கடுந்தவக் காலத்தில் வந்த வயிற்று வலி பிறகும் விட்டு விட்டுத் தொல்லை தந்தது. அதனால்தானோ என்னவோ, தம் சபையினரிடம் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

இதெல்லாம் பட்ட பிறகு 'ஆன்மப் பயிற்சிகள்' என்ற தம் தியான வழிகாட்டி நூலில் எழுதினார்: மனம் வறண்ட நேரத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே. இன்னொன்று, நம்மைக் கெடுக்க வருபவன் ரகசியக் காதலன் மாதிரி, "யாரிடமும் சொல்லாதே" என்பான். சொல்லிவிட்டால் அவன் பாச்சா பலிக்காது.

அந்தப் பெண் சொல்லத்தானே செய்தார்? நேற்று அந்த வரியை அழித்துவிட்டு, "மன்னிக்கவும், நல்லா இருக்கேன்" என்று போட்டிருக்கிறார். அதற்கும் ஆமென்.