டெஸ்ட் டிரைவ் காருக்கா, அந்த வழவழ ரோட்டுக்கா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல் படுகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நாற்பத்தாறு வயதில் எனக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்துவிட்டது. இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் உடம்பு, பின் சக்கரம் தள்ளுகிற ரகம். வீட்டுக் கடன் முடிந்துவிட்டது, பையன் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான், வீட்டில் ஒப்புதலும் வாங்கியாகிவிட்டது. மனைவி போட்டது ஒரே ஒரு நிபந்தனை: "எனக்கு இடுப்பு வலி வரக்கூடாது, அவ்வளவுதான்." அந்த ஒன்று வருமா வராதா என்று தெரிந்துகொள்ளத்தான் இரண்டு மாதமாக நாய் படாத பாடு படுகிறேன்.

எஞ்சின் எப்படி என்று பார்க்க ஒரு தடவை ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் போதும். பிரேக், ஸ்டியரிங் எல்லாம் பத்து நிமிஷத்தில் ஓரளவு புரிந்துவிடும். ஆனால் இந்தக் கார் என்னைத் தூக்கிப் போடுமா போடாதா என்பது மட்டும் ஷோரூம்காரர்கள் காட்டுகிற டெஸ்ட் டிரைவில் தெரியவே தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் அந்த ரூட்டையே போட்டிருக்கிறார்கள் என்று நான் இப்போது முழுசாக நம்புகிறேன்.

முதல் தடவை நடந்ததைக் கேளுங்கள். லைசென்ஸ் ஜெராக்ஸ், கையெழுத்து, பேப்பர் கப்பில் காபி எல்லாம் முடிந்து காரில் ஏறினோம். எனக்குப் பக்கத்தில் விற்பனைத் தம்பி. மனைவி பின்னால். இந்த மாதிரிக் கார்களில் பின் சீட் என்பது காகிதத்தில்தான் சீட், நிஜத்தில் அலமாரி, அதில் அவளை மடித்து வைத்தாயிற்று. வாசலில் இடதுபக்கம் திரும்பினால் இருநூறடி சாலை. நேராகப் போய், மேம்பாலத்துக்கு அடியில் யூ டர்ன் போட்டு, அதே வழியில் திரும்ப வேண்டும். மீட்டரில் பார்த்தேன், நாலு கிலோமீட்டரும் கொஞ்சமும். ஒன்பது நிமிஷம். அந்த ஒன்பது நிமிஷத்தில் ஒரு பாதாளச் சாக்கடை மூடிகூட சக்கரத்தில் படவில்லை! சென்னையில், ஐயா, சென்னையில்! அப்படி ஒரு நாலு கிலோமீட்டரைத் தேடிக் கண்டுபிடித்தவருக்கு நெடுஞ்சாலைத் துறையில் வேலை கொடுக்கலாம்.

போதாததற்குத் தம்பி வாயை மூடவே இல்லை. "பதினாறு ஸ்பீக்கர் சார்", "இங்க அமுக்குங்க சார், எக்ஸாஸ்ட் சவுண்டு மாறும்", "அந்த லைட் கலர் பாருங்க மேடம்". யூ டர்ன் பக்கத்தில் ஒரே ஒரு வேகத்தடை இருந்தது, அது வரும்போது மட்டும் குரலைத் தணித்து, "இங்க லைட்டா ஸ்லோ பண்ணிக்குங்க சார்" என்றான். பாட்டு ஓடுகிறது, ஏசி ஓடுகிறது, அவனும் ஓடுகிறான், இதற்கு நடுவில் என் முதுகுத்தண்டு என்ன சொல்கிறது என்று எனக்கு எப்படிக் கேட்கும்? இறங்கியதும் கேட்டான், "எப்படி சார், சாலிடா இருக்குல்ல?" நானும் ஈ என்று இளித்து "சூப்பர் தம்பி" என்றேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவளை அலமாரியிலிருந்து வெளியே எடுப்பதற்கே இரண்டு நிமிஷம் ஆனது.

அந்த "சாலிட்" இருக்கிறதே, ஏமாற்றுவேலை முழுக்க அதில்தான் இருக்கிறது. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் இறுக்கமாக இருக்கிற கார், நல்ல ரோட்டில் எண்பதில் போகும்போது பிரமாதமாக இருக்கும். பாலத்தில் ஏறி இறங்கினால் ஒரே அமுக்கில் அடங்கிவிடும், தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருக்காது. அப்போது அந்த இறுக்கம் நமக்குத் தரமாகத் தெரிகிறது. அதே இறுக்கம் இருபதில், இருபத்தைந்தில், ரோட்டை வெட்டி மூடிய ஒட்டுமேல் ஏறும்போது அடியாகத் தெரியும். ஏன் என்றால் ஆட்டம் வேறு, அதிர்வு வேறு. சாதாரணக் குடும்பக் காரின் உடம்பு நொடிக்கு ஒன்று, ஒன்றரை தடவை மேலும் கீழும் ஆடுகிற மாதிரி ஸ்பிரிங் வைப்பார்கள், ஸ்போர்ட்ஸ் காரில் அது இரண்டைத் தொடும். அதுகூடப் பரவாயில்லை. நொடிக்கு நாலிலிருந்து எட்டுத் தடவை வருகிற குலுக்கல்தான் உட்கார்ந்திருக்கும் மனித உடம்புக்கு ஆகவே ஆகாது, வயிறும் முதுகும் சேர்ந்து ஆட ஆரம்பித்துவிடும். உடம்பு வாங்குகிற அதிர்வை அளப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 2631 என்று உலகத் தரநிலை இருக்கிறது. அளக்கவே முடியாத சமாசாரம் ஒன்றும் இல்லை இது. ஆனால் எந்தக் கார் பிரோஷரிலாவது அந்த எண் இருக்கிறதா? நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் தொடும் என்பதைப் புள்ளிக்குப் பின்னால் ஓர் எண் வரைக்கும் போடுகிறவர்கள் இதை ஏன் போட மாட்டேன் என்கிறார்கள்?

1930களிலேயே இதற்கு மெனக்கெட்டிருக்கிறார்கள். மாரிஸ் ஆலி என்று ஒரு பொறியாளர், ரோல்ஸ் ராய்ஸிலிருந்து அமெரிக்காவுக்கு ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போனவர், ஒரு காரின் முன்னும் பின்னும் எடைகளைக் கட்டி, அவற்றை இடம் மாற்றி மாற்றி வைத்து, ஆட்களை உட்காரவைத்தே சோதித்துப் பார்த்தார். முன் ஸ்பிரிங் கொஞ்சம் மிருதுவாகவும் பின் ஸ்பிரிங் கொஞ்சம் வேகமாக ஆடுவதாகவும் இருந்தால், மேட்டில் ஏறிய பிறகு முன்பக்கமும் பின்பக்கமும் சீக்கிரமே ஒன்றாகச் சேர்ந்து அடங்கும் என்ற சூத்திரம் அவர் பெயரில்தான் வழங்குகிறது. சரி, அதுவும் கொஞ்சம் வேகம் இருந்தால்தான் உதவும். மடிப்பாக்கத்தில் பதினெட்டில் போகிறவனுக்கு ஆலியும் உதவ முடியாது.

ஆமாம், என் வீடு மடிப்பாக்கம். மெட்ரோவுக்காக மேடவாக்கம் மெயின் ரோடு படும் பாடு தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவுக்குள் மட்டும் மூன்று வேகத்தடை. வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று, ரோட்டுக்கு விதிமுறை எழுதுகிற இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு எழுதி வைத்திருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு, 25 கிலோமீட்டர் வேகத்தில் தாண்டலாம். கேட்கவே எவ்வளவு அழகாக இருக்கிறது! எங்கள் தெருவில் இருப்பது யாரோ வீடு கட்டி முடித்தபின் மிஞ்சிய கான்கிரீட்டைக் கொட்டிக் கரண்டியால் தட்டிவிட்டுப் போனது. ஒன்றரை அடி அகலம்கூட இல்லை. அதில் காரின் வயிறு தட்டுமா தட்டாதா என்று பார்க்காமல் நான் எப்படி இத்தனை லட்சத்துக்குக் கையெழுத்துப் போடுவது?

அதனால் கேட்டேன், "தம்பி, வண்டியை ஒரு தடவை எங்க வீடு வரைக்கும் ஓட்டிப் பாக்கணும்." "பாலிசி இல்ல சார்." ஏன்? "இன்சூரன்ஸ் ரூட் சார்." இன்சூரன்ஸுக்கு ஏதய்யா ரூட்? மேனேஜரிடம் போனேன், அவரும் அதையே கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து சொன்னார். மூன்று வாரம் தொங்கினேன். கடைசியில் மாதக் கடைசி வந்தது, டார்கெட் கழுத்தைப் பிடித்தது, அன்றைக்குப் பாலிசி தானாகத் தளர்ந்தது.

இரண்டாவது தடவை நான் தயாராகப் போனேன். பாக்கெட்டில் காற்று பார்க்கிற கேஜ். மனைவி முன் சீட்டில், தம்பி அலமாரியில். கிளம்புவதற்கு முன் குனிந்து முன் சக்கரத்தின் மூடியைத் திருகிக் கேஜை வைத்தேன், புஸ்ஸென்று ஒரு சத்தம், முள் 28இல் நின்றது. அடுத்த சக்கரம், அதுவும் 28. கதவைத் திறந்து ஓரத்து ஸ்டிக்கரைப் பார்த்தால் 35 என்று போட்டிருக்கிறது. நாலு சக்கரத்திலும் ஒரே மாதிரி, ஏழு ஏழு குறைவு. தானாக இறங்கிய காற்று இப்படியா கணக்குப் பார்த்து இறங்கும்? தம்பியைப் பார்த்தேன். அவன் போனைப் பார்த்தான்.

245/35 டயர் அது. அதாவது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் சுவர் எட்டரை சென்டிமீட்டர்தான். நம் வீட்டுப் பழைய காரின் 195/65 டயரில் பன்னிரண்டரைக்கு மேல். இருக்கிற அந்தக் கொஞ்சூண்டு மெத்தையில் காற்றைக் குறைத்தால் ரோட்டின் கூர்மை மழுங்கிவிடும், சவாரி பஞ்சு மாதிரி ஆகிவிடும், வண்டி வாங்குகிறவன் மயங்கிவிடுவான். அப்புறம் டெலிவரி எடுத்து 35 போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது தெரியும் சேதி.

நேரே பெட்ரோல் பங்குக்கு விடச் சொன்னேன். காற்றடிக்கிற பையன் அவ்வளவு தாழ்வான காரைப் பார்த்ததும் சம்மணம் போட்டே உட்கார்ந்துவிட்டான். நாலுக்கும் 35. பங்கிலிருந்து இறங்குகிற சரிவிலேயே வித்தியாசம் தெரிந்தது, சத்தியமாக வேறு கார். எங்கள் தெருவுக்கு முன்னால் வெள்ளைப் பட்டை வரிவரியாகப் போட்டிருக்கிற இடத்தில் பல்வரிசை கிடுகிடுத்தது. முதல் வேகத்தடையில் கோணலாக ஏற்றி, ஒவ்வொரு சக்கரமாக இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டினேன். இரண்டாவதில் அடியில் "கர்ர்ர்" என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டால் கார் உள்ளவனுக்குப் பல்லைப் பிடுங்குகிற மாதிரி இருக்கும், சொந்தக் கார் இல்லை என்றாலும்கூட. பின்னாலிருந்து பேச்சே இல்லை. பதினாறு ஸ்பீக்கர் தம்பி இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். மனைவி மட்டும் "ம்" என்றாள். இருபது வருஷமாக அந்த "ம்"மைக் கேட்கிறேன், அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும்.

கூத்து அதோடு முடியவில்லை. திரும்பி வந்து விலைப் பட்டியலை வரி வரியாகப் படித்தால், நான் ஓட்டியது ஓட்டும்போதே இறுக்கம் மாறுகிற ஷாக் அப்சார்பர் போட்ட கார். நான் புக் பண்ணப்போகிற வேரியண்டில் அது கிடையாது, தனியாகக் காசு கட்ட வேண்டும், கட்டினால் ஐந்து மாதம் காத்திருக்க வேண்டும். அதாவது இத்தனை நாளும் நான் வாங்காத காரை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்! இரும்புத்தூள் கலந்த எண்ணெயைக் காந்தத்தால் கெட்டிப்படுத்துகிற ஷாக்கையே 2002இல் காடிலாக் செவில் காரில் போட்டு விற்றுவிட்டார்கள். இவ்வளவு வருஷம் கழித்தும் இடுப்பைக் காப்பாற்றுகிற சாமானைத் தனி ஆப்ஷன் என்று வைத்திருக்கிறார்கள், லைட் கலரை இலவசமாகத் தருகிறார்கள்.

ரிவ்யூ பார்த்து முடிவு பண்ணலாம் என்றால் அது இன்னும் மோசம். கம்பெனிகள் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையில், அந்த 20.8 கிலோமீட்டர் சுற்றை எத்தனை நிமிஷத்தில் முடித்தோம் என்று மார்தட்டுகின்றன. வேளச்சேரியிலிருந்து தாம்பரத்துக்கு எத்தனை முனகலில் போனோம் என்று ஒருத்தர்கூடச் சொல்வதில்லை. இங்கே வீடியோ போடுகிறவர்களோ கேமராவைக் கட்டிக்கொண்டு காலை ஐந்தரைக்கு ஈசிஆரில் பறக்கிறார்கள், "கொஞ்சம் ஸ்டிஃப்தான், ஆனா ஸ்போர்ட்டி" என்று முடிக்கிறார்கள். ஸ்போர்ட்டி என்ற வார்த்தை இல்லாவிட்டால் பாதிப்பேர் ஊமையாகிவிடுவார்கள். சென்னையிலேயே 2024 ஆகஸ்டில் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டருக்கு ஃபார்முலா 4 பந்தயம் விட்டார்கள் அல்லவா, அதற்கு மட்டும் ரோடு மேஜை மாதிரி வந்துவிட்டது. நம்மால் போட முடியாது என்று இல்லை, நமக்குப் போடுவதில்லை.

கடைசியில் உண்மை சொன்னவர் எங்கள் அலுவலக பார்க்கிங்கில் அதே கார் வைத்திருக்கும் ஒருவர். காசு வாங்கவில்லை, காபிகூட வேண்டாம் என்றார். பக்கத்தில் உட்காரவைத்துச் சாயந்திர நெரிசலில் ஒரு மணி நேரம் ஓட்டினார். முதல் இருபது நிமிஷம் சீட் அணைத்துப் பிடித்த மாதிரி சுகமாக இருந்தது, நாற்பதாவது நிமிஷம் அதே அணைப்பு தொடையில் மரத்துப்போனது. இதை ஒன்பது நிமிஷ டிரைவில் எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் டயர் கதை வேறு சொன்னார். பஞ்சர் ஆனாலும் எண்பது கிலோமீட்டர் ஓடும் ரகம், அதற்காகப் பக்கச் சுவரைத் தடிமனாகப் பண்ணியிருக்கிறார்கள், அதனால் இன்னும் கல் மாதிரி இருக்கிறது, ஸ்டெப்னியும் கிடையாது. போன மழையில் ஒரு பள்ளத்தில் இறங்கி டயரில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். "வீட்டுல ஏறுவாங்களா சார்?" என்றேன். "ஒரு தடவை ஏறினாங்க" என்றார்.

நேற்று ஷோரூமிலிருந்து போன். அதே தம்பி. "சார், டெஸ்ட் டிரைவ் எப்படின்னு ஒரு கால் வரும், பத்துக்குப் பத்து குடுத்துடுங்க சார், ஒன்பது குடுத்தாகூட எனக்கு இன்சென்டிவ் கட்." வாயில் வந்ததை எல்லாம் விழுங்கிக்கொண்டேன். ரூட்டை அவனா போட்டான்? காற்றை இறக்கச் சொன்னது அவனா? கால் வந்தது, பத்து என்று சொல்லித் தொலைத்தேன். சாயந்திரமே மேனேஜர் கூப்பிட்டார், ஏக சந்தோஷம். நான் புக் பண்ண நினைக்கிற வேரியண்டிலேயே ஒரு வண்டி வந்திருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே அனுப்புகிறாராம். "காலைல ஆறு மணிக்கு சார், அப்பதான் டிராஃபிக் இருக்காது, ஸ்மூத்தா ஓட்டிப் பாக்கலாம்."

வரட்டும். கேஜை எடுத்து வாசல் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன்.