வகுப்பையே கொடுங்கள்

சிறுவர் ஊழியத்துக்கு, அதாவது ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதாகமம் கற்பிக்கிற வேலைக்கு, வாலிபர்கள் வருவதில்லை என்று பல சபைகளில் குறைப்படுகிறார்கள். வந்தவர்களுக்கு என்ன வேலை கொடுத்தோம் என்பதை மட்டும் யாரும் யோசிப்பதில்லை. நாற்காலி போடு, வருகைப் பதிவு எடு, மைக் பிடி, பொம்மலாட்டத் திரைக்குப் பின்னால் நில், பிள்ளைகள் சத்தம் போட்டால் அடக்கு. பாடம் மட்டும் பெரியவர்கள் எடுப்பார்கள். வேலையிடத்தில் ஒரு டீமையே நடத்துகிற வாலிபரின் கையில் ஞாயிற்றுக்கிழமை நாம் கொடுப்பது கலர் பென்சில் பெட்டி. அப்புறம் ஏன் வருவார்கள்?

ஒரு வகுப்பை முழுசாக அவர்களிடம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. பாடம், பாட்டு, மனப்பாட வசனம், பிள்ளைகளின் வீட்டைச் சந்திப்பது வரை அவர்கள் பொறுப்பு. வாலிபர்களே, யாரும் கொடுக்காவிட்டால் நீங்களே போய்க் கேளுங்கள்.

“உன் இளமையைக்குறித்து ஒருவனும் உன்னை அசட்டைபண்ணாதபடிக்கு” என்று தொடங்கும் வசனம் இல்லாத வாலிபர் முகாம் பேனர் உண்டா? 1 தீமோத்தேயு 4:12. அதற்கு அடுத்த வசனத்தை யாரும் அச்சடிப்பதில்லை. அங்கே அப்போஸ்தலனாகிய பவுல் தன் இளம் உடன் ஊழியனான தீமோத்தேயுவிடம் வாசிக்கிறதிலும் புத்திசொல்லுகிறதிலும் உபதேசிக்கிறதிலும் ஜாக்கிரதையாயிருக்கச் சொல்கிறார். அதாவது, அந்த இளைஞனுக்கு எபேசுவில் கொடுக்கப்பட்டிருந்ததே கற்பிக்கிற வேலைதான். பேனரைப் பார்த்துக் கை தட்டிவிட்டு, 13-ஆம் வசனத்தின் வேலையை நாற்பது வயதுக்கு மேல்தான் தருவோம் என்றால் எப்படி?

வாலிபர் கையில் வகுப்பு என்பது ஞாயிறு பள்ளியின் கதையிலும் இருக்கிறது. 1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் பத்திரிகை நடத்திய ராபர்ட் ரெய்க்ஸ், வாரம் முழுக்க வேலை செய்து ஞாயிறு மட்டும் ஓய்வு கிடைத்த ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கினார். வேதாகமத்தை வைத்தே எழுத்தறிவு கொடுத்தார்கள். 1855-இல் பாஸ்டனில் எட்வர்ட் கிம்பல் என்ற ஞாயிறு பள்ளி ஆசிரியர், தன் வகுப்புக்கு வந்த 18 வயதுப் பையனைச் செருப்புக் கடையில் போய்ப் பார்த்தார். தயக்கத்தில் கடையைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தாராம். அங்கே தான் பேசியது பலவீனமான பேச்சு என்றுதான் பிற்பாடு அவரே சொன்னார். அந்தப் பையன்தான் பிற்பாடு பெயர்பெற்ற நற்செய்திப் பிரசங்கியாரான டி. எல். மூடி. சில ஆண்டுகளிலேயே, இருபதுகளின் தொடக்கத்தில், அவர் சிக்காகோவில் தெருப்பிள்ளைகளுக்காகத் தானே ஒரு ஞாயிறு பள்ளியை நடத்திக்கொண்டிருந்தார். இறையியல் கல்லூரிப் பக்கம் போகாதவர். முழுநேர ஊழியர் ஆனதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சரி, வாலிபருக்கு வேதம் போதுமான அளவு தெரியாதே என்பார்கள். தெரியாதுதான். கற்றுக்கொள்ளச் சிறந்த வழியும் கற்பிப்பதுதான். பிரசங்கத்தை இருபது வருடம் கேட்டும் வராத கேள்வி ஆறு வயதுப் பிள்ளையிடமிருந்து வரும். “இயேசு என் இருதயத்துக்குள்ளே எப்படி நுழைவார்?” என்று அது நிஜமாகவே நெஞ்சைத் தொட்டுக் கேட்கும். அந்த வயதில் உருவகம் பிடிபடாது, சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும். அதற்குப் பதில் சொல்ல, நீங்கள் இத்தனை நாள் பழக்கத்தில் சொல்லி வந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று முதலில் உங்களுக்குப் புரிய வேண்டும். தெரியாவிட்டால், “தெரியல, படிச்சிட்டு அடுத்த வாரம் சொல்றேன்” என்று சொல்லுங்கள். ஆனால் அடுத்த வாரம் கட்டாயம் சொல்லுங்கள். மறந்துவிடுவீர்கள், பிள்ளை மறக்காது.

தயாரிப்பை சனிக்கிழமை இரவுக்குத் தள்ளாதீர்கள். வாரத் தொடக்கத்திலேயே பகுதியை வாசித்துவிட்டால், மற்ற நாட்களில் அது மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, எல்லாக் கதையையும் “நல்ல பிள்ளையாக இரு” என்று முடிக்காதீர்கள். தாவீது கோலியாத்தை ஜெயித்த கதையைத் தைரியப் பாடமாக மட்டும் சொன்னால், அங்கே யுத்தம் கர்த்தருடையது என்று தாவீது சொன்னது காணாமல் போய்விடுகிறது.

விடுமுறை வேதாகமப் பள்ளி பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபம் வந்தாலும் பரவாயில்லை. அந்தச் சில நாட்களுக்கு வாலிபர்கள் திரளாக வருகிறார்கள். டி-ஷர்ட், ஆக்‌ஷன் சாங், மேடை, போட்டோ. கடைசி நாளில் “இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கை தூக்குங்கள்” என்றால் எல்லாப் பிள்ளைகளும் தூக்குவார்கள். பிடித்த அண்ணன் கேட்டால் எதற்கும் தூக்குவார்கள். அந்தக் கைகளை எண்ணி அறிக்கை எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. கை தூக்கிய பிள்ளையின் பெயர் மூன்று மாதம் கழித்து யாருக்காவது நினைவிருக்கிறதா? ஊழியம் அங்கேதான் இருக்கிறது. மேடையில் ஆடத் தெரியாத, கூச்சமுள்ள ஒரு அக்கா ஒரே வகுப்பை வருடம் முழுவதும் விடாமல் எடுத்தால், அது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பரீட்சை நேரத்தில் அவருக்கு மாற்று ஆள் வேண்டும். அதனால் ஒரு வகுப்புக்கு இரண்டு பேரை வையுங்கள்.

இரண்டு பேர் என்பதற்கு வேறு காரணமும் உண்டு, இது விட்டுக்கொடுக்கவே கூடாதது. எந்த ஆசிரியரும், வாலிபரோ மூப்பரோ, ஒரு பிள்ளையுடன் பூட்டிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. அடிக்கக் கூடாது, எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தக் கூடாது. பிள்ளைகளுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பக் கூடாது. பெற்றோரைக் கேட்காமல் படத்தைப் போடக் கூடாது. ஒரு பிள்ளை தனக்கு நடந்த கொடுமையைச் சொன்னால், “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சபையில் அதற்கென்று பொறுப்பிலுள்ளவரிடமும், சட்டப்படி சொல்ல வேண்டிய இடத்திலும் அன்றைக்கே சொல்ல வேண்டும். சபைப் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைக்கிற பெரியவர் இருந்தால் அவருக்கும் மேலே போங்கள். இதைப் பயிற்சியில் முதல் நாளே சொல்லாத சபை, வாலிபரைக் களத்தில் இறக்கத் தயாராகவில்லை என்றே நான் சொல்வேன்.

பெரியவர்களுக்கு, சிறுவன் சாமுவேலைத் தன்னிடம் வைத்திருந்த வயதான ஆசாரியர் ஏலியை நினைவுபடுத்துகிறேன். சாமுவேலைக் கூப்பிட்டது கர்த்தர் என்று புரிந்ததும், ஏலி எழுந்து போய்த் தானே கேட்கவில்லை. என்ன சொல்ல வேண்டுமென்று கற்றுக்கொடுத்து, பையனைத் திரும்ப அனுப்பினார். மறுநாள் அந்தப் பையனிடமிருந்து வந்ததோ ஏலியின் வீட்டுக்கே எதிரான செய்தி. ஒன்றையும் மறைக்காமல் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். வாலிபரிடம் பொறுப்பைக் கொடுத்தால் இதுவும் சேர்ந்து வரும். உங்கள் பாடத்திட்டம் பழசு, அறையில் வெளிச்சமில்லை, பிள்ளைகளுக்கு நீங்கள் ஒதுக்கிய பணம் போதாது என்பார்கள். கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரேயடியாகத் தூக்கிக் கொடுக்கவும் வேண்டாம். வாலிபர் முதல் சில வாரங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். பிறகு கதை மட்டும் சொல்லட்டும், அதன்பின் முழு வகுப்பு. அனுபவமுள்ள ஒருவர் கடைசி வரிசையில் உட்காரலாம், ஆனால் பாடத்தின் நடுவில் எழுந்து திருத்தக் கூடாது. தவறாகச் சொன்னால் பிள்ளைகள் போன பிறகு சொல்லுங்கள். அடுத்த வாரம் அந்த ஆசிரியரே பிள்ளைகளிடம் திருத்திச் சொல்லிக்கொள்ளட்டும்.